களஞ்சியத்துக்கு எந்த வெயில்?

உங்கள் ஊர்ப் பழைய கட்டடங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், கோபுரமும் அரண்மனையும் வேண்டாம் என்று இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். நெல் களஞ்சியம், தொழுவம், சாவடி, ஓட்டு வீடு என்று நிறையவே வந்தன. படங்களைவிடக் கேள்விகள்தான் அதிகம். ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். கட்டடம் எடுப்பது சொந்த ஆசைக்கு. எனக்குச் சரிப்பட்டு வந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில் களஞ்சியத்தைச் செல்போனில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நேரில் அண்ணாந்து பார்க்க வைக்கிற கட்டடம் படத்தில் சப்பென்று இருக்கிறதே, ஏன்? (பாபநாசம் வாசகர்)

படத்தைப் பார்த்தேன் ஐயா. வெயில் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் இருந்திருக்கிறது. சதுரக் கட்டடம் என்றால் மூலையாவது காப்பாற்றியிருக்கும். இதற்கு மூலையே கிடையாது. அடி வட்டம், உச்சி கூம்பு. இந்த மாதிரி உருண்டுபோகிற சுவருக்கு ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, நடுவே இரண்டும் மெல்லக் கலக்கிற இடம், மூன்றும் வேண்டும். காலை எட்டு மணி வாக்கில் அல்லது மாலை நாலரைக்குப் போங்கள். வெயில் உங்கள் தோளில் பக்கவாட்டில் விழுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். சுவரின் மேடு பள்ளமெல்லாம் தானாக எழுந்து வரும்.

அடுத்து அளவு. தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்துக் கட்டடம் அது. அவர் ஆட்சி 1600 முதல் 1634 வரை. உயரமும் அகலமும் ஏறக்குறைய 35 அடி. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். கலத்துக்கு 12 மரக்கால். அப்படியென்றால் 36,000 மரக்கால் நெல்லை யாரோ சுமந்து வந்து, அளந்து, உள்ளே கொட்டியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் அந்தப் பிரம்மாண்டம் தெரியாததற்குக் காரணம், பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லை. யாரையாவது அடிச்சுவர் ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நடந்தால் போதும்.

இன்னொன்று: கட்டடத்துக்குக் கிட்டே நின்றுகொண்டு, செல்போனில் 0.5 என்று வருகிற அகல லென்ஸில் எடுத்திருக்கிறீர்கள். அதனால் அடி பெருத்து, உச்சி சிறுத்து, ஏற்கெனவே கூம்பான கட்டடம் இன்னும் கூம்பிவிட்டது. முடிந்தவரை பின்னால் போய் 1 அல்லது 2 என்ற அளவில் எடுங்கள். போனை மேலே சாய்க்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள். கீழே தரை நிறைய வந்தால் வரட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் போனைக் கொண்டு போவது பற்றி முதலில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்குத் தடை சொன்ன பிறகு, ஒவ்வொரு கோயிலிலும் ஒவ்வொரு விதமாக நடக்கிறது. களஞ்சியம்தான் வேண்டும், சன்னிதிப் பக்கமே வர மாட்டேன் என்று சொன்னால் பெரும்பாலும் முகம் இளகுவார்கள். ஸ்ரீரங்கம் கோயிலின் கொட்டாரத்திலும் (நெல் சேமிக்கிற இடம்) இதே மாதிரியான செங்கல் களஞ்சியங்கள் உண்டு. அங்கேயும் கேட்டுக்கொண்டு எடுப்பதுதான் நல்லது.

கேள்வி: எங்கள் பழைய வீடு வடக்குப் பார்த்த வாசல். எப்போது எடுத்தாலும் முகப்பு நிழலில் இருக்கிறது, வானம் வெளுத்துவிடுகிறது. (மன்னார்குடி வாசகி)

நீங்கள் எப்போதும் பொங்கல் விடுமுறைக்குத்தான் ஊருக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். புரட்டாசி முதல் வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம் வரை சூரியன் கிழக்குக்குத் தெற்கே உதித்து, மேற்குக்குத் தெற்கே மறைகிறது. அந்த ஆறு மாதமும் வடக்குச் சுவரில் நேர் வெயில் ஒரு நிமிஷம்கூடப் படாது. கேமராவை மாற்றி ஒரு புண்ணியமும் இல்லை, மாதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஆனி மாதம் போங்கள் அம்மா. அப்போது சூரியன் நன்றாக வடக்கே தள்ளி உதிக்கும். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை உங்கள் முகப்பில் வெயில் சாய்வாக உரசிக்கொண்டு போகும். திண்ணைத் தூண், கதவு நிலையின் கொத்துவேலை, சுண்ணாம்புப் பூச்சின் வெடிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வெளிச்சம். நடுப்பகலில் எடுக்காதீர்கள். நம் பக்கத்தில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற வெயிலை ஓட்டுச் சாய்ப்பு மறித்து, பாதிச் சுவரைக் கறுப்பாக்கிவிடும்.

ஆனியில் போக முடியாதா? ஐப்பசியில் மேகம் மூடிய நாளாகப் பாருங்கள். வானமும் சுவரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். மேகமூட்டம் என்றால் கேமராவை உறையில் போட்டு மூடுகிறவர்கள் நம்மில் அதிகம். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். 1959இல் தொடங்கி தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், மரச்சட்ட வீடுகள் என்று வாழ்நாள் முழுக்க எடுத்தார்கள். மேகம் மூடிய வெளிச்சம், நேர் முகம், நடுவில் கட்டடம், அவ்வளவுதான் அவர்கள் பாணி. வெயில் செய்கிற வித்தை எதுவும் இல்லாததால் கட்டடம் மட்டும் நிற்கும். நிழலில் சுண்ணாம்புச் சுவர் நீலம் பூத்துத் தெரியும். கேமராவில் வெண் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ‘நிழல்’ என்று வைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைத் தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள். கஜா புயலில் பாதி ஓடு போய், தகரம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். தடுக்கிற நிலையில் நான் இல்லை. என்னென்ன எடுத்து வைக்கலாம்? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

தம்பி, இந்த இதழில் மற்றவர்கள் பதிலெல்லாம் சுருங்கினாலும் பரவாயில்லை, உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அழகை மறந்துவிடுங்கள். 1933இல், பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த கட்டடக் கலைஞர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அமெரிக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்கப் பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, படம் எடுத்து வைப்பது. மாளிகைகளோடு களஞ்சியம், ஆலை, மரப்பாலம் எல்லாம் அதில் உண்டு. அந்தப் படங்கள் இன்று அங்குள்ள நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் பலவற்றில் சூரிய அஸ்தமனமும் கிடையாது, மூடுபனியும் கிடையாது. ஆனால் அதைப் பார்த்து அந்தக் கட்டடம் எப்படி நின்றது, எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடலாம். உங்களுக்கும் அதுதான் தேவை.

நாலு பக்கமும் நேர் முகமாக ஒவ்வொன்று. நாலு மூலையிலிருந்தும் இரண்டு சுவர் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒவ்வொன்று. தெருவோடு சேர்த்து, அக்கம்பக்கத்து வீடும் தெரிய, இரண்டு பக்கமிருந்தும். வாசலில் நின்று கொல்லை வரைக்கும், கொல்லையில் நின்று வாசல் வரைக்கும். ஒவ்வொரு அறையையும் எதிரெதிர் மூலையிலிருந்து. இதை முடித்துவிட்டுத்தான் மனசுக்குப் பிடித்ததை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் அழகான ஜன்னல் எட்டுப் படம் இருக்கும், சமையலறையே இருக்காது.

முற்றத்தை மட்டும் உச்சி வேளையில் எடுங்கள். மற்ற நேரத்தில் ஒரு பக்கச் சுவர் எரியும், மறுபக்கம் கறுத்துக் கிடக்கும். பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் தரையில் விழுந்து நாலு தாழ்வாரத்துக்கும் திரும்பி அடிக்கும்.

அப்புறம் அண்ணாந்து பாருங்கள். ஓட்டுக் கூரையின் உள்பக்கத்தை எவரும் எடுப்பதில்லை. விட்டம், கைமரம், சட்டம், ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கிறது, ஆணியா மர முளையா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கையால் செய்த நாட்டு ஓடா, தொழிற்சாலையில் அச்சில் செய்த சீமை ஓடா? சீமை ஓடாக இருந்தால் ஒன்றைக் கழற்றிப் புரட்டி, அதில் பதித்த எழுத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து எடுங்கள். சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது 1865இல். அவர்கள் ஓட்டில் அந்த வருஷம் இருந்தால் வீடு 1865இல் கட்டியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது தொழிற்சாலையின் வயசு.

நெல் வைத்த இடத்துக்கு ஒரு பொழுது ஒதுக்குங்கள். குதிர் (மண்ணால் செய்த நெல் கூடு) இருந்தால், மேலே வாய், கீழே நெல் எடுக்கிற துளை, துளையை அடைத்த துணி அல்லது தேங்காய் மட்டை, மூன்றும் வேண்டும். பத்தாயம் (நெல் வைக்கிற பெரிய மரப்பெட்டி) என்றால் மூடியபடி ஒன்று எடுங்கள். பிறகு வீட்டில் பெரியவர் யாரிடமாவது, ‘எப்படித் திறப்பீங்க, காட்டுங்க’ என்று கேளுங்கள். கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே எடுங்கள். கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்த பத்தாயத்தில், பலகைகளின் ஓரத்தில் உளியால் கோடு போட்டிருந்தது: முதல் பலகைக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு, இப்படியே. கழற்றியதை வரிசை மாறாமல் திரும்பக் கோர்க்கத் தச்சர் வைத்த அடையாளம். அந்த வீட்டு ஆச்சி அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டே விரலால் தடவிப் பார்த்துப் பலகையைச் சொருகினார்கள். நான் அன்று எடுத்ததில் உருப்படியான படம் அந்த விரல்தான்.

சுவர்களை இடிப்பதற்கு முன்னால் பாருங்கள். கதவுக்குப் பின்னால் கரிக்கோடு போட்டு எண்ணிய மூட்டைக் கணக்கு இருக்கலாம். விளக்கு மாடத்துக்கு மேலே எண்ணெய்ப் புகை ஏறிய கறுப்பு இருக்கும். திண்ணைச் சுவரில் உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில் வழுவழுவென்று ஒரு கறை இருக்கிறதா? தலைமுறை தலைமுறையாகச் சாய்ந்த தலைகளின் நல்லெண்ணெய் அது. தொழுவத்துக் கட்டுத்தறியில் கயிறு அறுத்த பள்ளம், அம்மி கிடந்த இடம், நிலைக்கதவின் தேய்ந்த படி. இதற்கெல்லாம் நேர் வெளிச்சம் ஆகாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். கல்வெட்டுக்கும் இதே வழிதான். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்குக்கட்டியும் மாவும் தேய்க்கிறார்கள், கல்லைக் கெடுக்கிற வேலை அது.

அளவு தெரிய ஓர் அடிக்கோலைச் சுவரோடு சாய்த்து வையுங்கள். கிடைக்கவில்லையா, நெல் அளக்கிற மரக்கால் போதும். ஒரு நோட்டில் வீட்டின் கிடப்பை நாலு கோடாகப் போட்டு, எந்தப் படம் எங்கே நின்று எடுத்தது, வடக்கு எது என்று குறியுங்கள். சித்தப்பாவும் அத்தையும் ‘இங்கேதான் நெல் அவிப்போம்’, ‘இந்த அறையில்தான் நீ பிறந்தாய்’ என்று ஒரே விஷயத்தை ஆளுக்கொரு இடம் காட்டுவார்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், பஞ்சாயத்து பண்ண வேண்டாம்.

இடிக்கிற அன்றும் போங்கள். கஷ்டம்தான். ஆனால் சுவரின் குறுக்குவெட்டு அன்றைக்கு மட்டும்தான் தெரியும்: உள்ளே செங்கல்லா மண்ணா, காரை எத்தனை விரல்கடை, எத்தனை முறை வெள்ளையடித்த அடுக்கு என்று.

கேள்வி: பழைய வீட்டுப் படத்துக்குப் பழுப்பு நிறச் செபியா போட்டால் பொருத்தமாக இருக்காதா? (விருதுநகர் வாசகர்)

இருக்காது. சுவரில் இருக்கிற காவிப்பட்டையும் சுண்ணாம்பும் பாசியும் மூன்று தனித்தனி நிறம். மூன்றையும் ஒரே டீத்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. கறுப்பு வெள்ளை வேண்டுமானால் ஆக்கிப் பாருங்கள், மூலப்படத்தை அழிக்காமல்.

கேள்வி: பத்தாய அறை கும்மிருட்டு. ஃபிளாஷ் போட்டால் தூசிதான் வெள்ளைப் புள்ளியாக விழுகிறது. (நாகர்கோவில் வாசகி)

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 100, எஃப்8 (லென்ஸ் துவார அளவு) என்று வைத்து, நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு விநாடி, நாலு விநாடி, எட்டு விநாடி என்று. அறை இருட்டுத்தான், ஆனால் எங்கோ ஒரு சாளரமோ கதவிடுக்கோ இருக்கும். அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் மறுபக்கத்துக்கு மெல்லிய வெளிச்சம் திரும்பும். கையால் அழுத்தாமல் டைமர் வைத்து எடுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்தாலும் வேலை நடக்கும். சொந்த வீட்டில் இதெல்லாம் சரி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்துக்கு ஸ்டாண்டோடு போனால் முன் அனுமதி கேட்பார்கள்.

தூசி அடங்க நேரம் கொடுங்கள். கதவைத் திறந்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்து எடுங்கள்.

கேள்வி: மகள் பென்சில்வேனியாவில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது அங்கே உள்ள சிவப்புக் கொட்டகைகளை எடுக்க ஆசை. நம் களஞ்சியத்துக்குச் சொன்னது அதற்கும் பொருந்துமா? (திருச்சி வாசகர்)

வெயில் கணக்கு மாறும், புத்தி மாறாது. அங்கே உச்சிச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்தேதான் இருக்கும். அதனால் குளிர்காலத்தில் நண்பகலிலும் சாய்வு வெயில் கிடைக்கும். நம்மவர்களுக்கு அது பெரிய வரம்.

அந்த ஊர்க் கொட்டகைகளை மேட்டுச் சரிவில் கட்டியிருப்பார்கள். மேட்டுப் பக்கம் வண்டி நேராக மேல்தளத்துக்குள் போய்விடும். வைக்கோலும் தானியமும் அங்கே. சரிவுப் பக்கம் கீழ்த்தளத்தில் மாடுகள். மேல்தளம் கீழ்த்தளத்தைத் தாண்டி நாலைந்து அடி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பென்சில்வேனியாக் கொட்டகைக்கு அடையாளமே அந்தத் துருத்தல்தான். முன்பக்கம் மட்டும் எடுத்தால் இது விளங்காது. பக்கவாட்டில், தரையின் சரிவு தெரிய ஒன்று எடுங்கள். சிவப்பு நிறம் இரும்புத் துருவைச் சேர்ந்த காவியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசியதிலிருந்து வந்தது. மலிவு, மரத்துக்கும் காப்பு.

லங்காஸ்டர் பக்கம் போனால் பழைய முறையில் வாழ்கிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பண்ணைகள் நிறைய வரும். முகம் தெரியப் படத்துக்கு நிற்பதை அவர்கள் மார்க்க நம்பிக்கைப்படி விரும்புவதில்லை. கட்டடத்தைச் சாலையிலிருந்து எடுங்கள், ஆள் வந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். வேலி தாண்டவே கூடாது. நம் ஊரில் ‘யாரு தம்பி?’ என்று கேட்டு மோர் கொடுப்பார்கள், அங்கே அது அத்துமீறல் வழக்கு.

மருமகன் லீவு போட்டு வயோமிங் வரை கூட்டிப் போனால், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் மோல்டன் கொட்டகை இருக்கிறது. உலகத்திலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட கொட்டகை என்று அதைச் சொல்வார்கள். மலை மேற்கே, கொட்டகை அதற்கு முன்னால். எனவே விடிகாலைதான் நேரம். முதல் வெயில் மலையுச்சியில் பட்டு இறங்கி இறங்கிக் கொட்டகைக்கு வரும். உங்களோடு இன்னும் இருபது பேர் ஸ்டாண்ட் போட்டு நிற்பார்கள். எல்லாரும் எடுக்கிற அந்தப் படத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு கிட்டே போய் மரப்பலகையின் வரிகளையும் மூலைப் பொருத்தையும் எடுங்கள்.

கேள்வி: செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளை உள்ளே போய் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கும் ஆசை. எப்படிப் போவது? (சென்னை வாசகர்)

பூட்டைத் தாண்டிப் போவதென்றால் என்னிடம் வழி கேட்காதீர்கள். பூட்டியிருக்கிற வீடு கைவிட்ட வீடு என்று அர்த்தமில்லை. அதற்கு நாலைந்து பங்காளிகள் இருப்பார்கள், கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் வந்து திறப்பார்கள். தெருவில் யாரிடமாவது கேட்டால் சாவி வைத்திருக்கும் காவலாளியைக் காட்டுவார்கள். அவர் போனில் உரிமையாளரிடம் கேட்டுச் சொல்வார். கிடைக்கவில்லையென்றால் கானாடுகாத்தான், ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிற வீடுகள் இருக்கின்றன. முகப்பிலிருந்து பின்கட்டு வரை, வாசலுக்குள் வாசலாக ஒரே நேர்கோட்டில் போகிற அந்தப் பார்வைக்குக் கேமராவை இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். கண்ணளவில் வைத்தால் ஆத்தங்குடித் தரை படத்தை விழுங்கிவிடும்.

எடுத்த பிறகு ஊர், தெருப் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். ஒரு தேக்குத் தூணுக்கும் ரவிவர்மா அச்சுப் படத்துக்கும் என்ன விலை என்று காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கேட்டால் காரணம் புரியும். ஆள் இல்லாத வீடு எங்கே இருக்கிறது என்று நாமே விலாசம் கொடுத்ததாகிவிடும். செல்போன் தானாகச் சேர்க்கும் இடக்குறிப்பையும் அனுப்புவதற்கு முன் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ட்ரோன் வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

சாளையின் (உங்கள் பக்கத்துத் தோட்ட வீடு) கிடப்பும் கட்டுத்தறியும் கிணறும் எப்படி அமைந்திருக்கின்றன என்று மேலிருந்து பார்க்க நல்லதுதான். ஆனால் அதே பணத்துக்கு உறுதியான ஸ்டாண்டும் இரண்டு வருஷம் ஊர் சுற்றப் பெட்ரோலும் வாங்கலாம். நான் இரண்டாவது கட்சி.

கேள்வி: எடுத்த படங்களுக்கு எப்படிப் பெயர் வைத்து வைப்பது? (காரைக்கால் வாசகி)

கேமரா கொடுக்கிற எண்ணை அப்படியே விடாதீர்கள். ஊர், கட்டடம், எந்தப் பக்கம், தேதி. ‘நெடுங்காடு, தொழுவம், கிழக்கு’ என்பதோடு எடுத்த தேதியைச் சேர்த்தால் போதும். ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில். கொஞ்சமாவது அச்சுப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறி வரும்.

அடுத்த இதழுக்குக் கிணறும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை மேடும். படத்தோடு, கிணற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள்.